அண்ணி தரையில் வைத்த நான்கு கூடைகள்

அண்ணியின் நினைவாக வரும் இந்த மலரில் எழுதுவதற்கு எனக்குத் தகுதி இல்லை. அதற்காக முதலிலேயே எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அண்ணியைப் பற்றி எழுத அவரோடு வேலை பார்த்த ஆசிரியைகள் இருக்கிறார்கள். பங்குத் தந்தை இருக்கிறார். கல்லூரி வரை படித்த உறவினர்கள் இருக்கிறார்கள். நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் கூடிய இடத்தில் குடிக்கத் தண்ணீர் கேட்கக்கூடக் கூச்சப்படுகிறவள்.

அண்ணன் மகன் ஜெரோம்தான் விடவில்லை.

"அத்தை, அம்மா கூட வீட்லயும் இருந்தது நீங்க, ஸ்கூல்லயும் இருந்தது நீங்க. வேற யாரு எழுதுவாங்க?"

"எனக்கு எழுத வராதுடா."

"பேச வராதுன்னு தெரியும். எழுத வருமா வராதான்னு இதுவரைக்கும் யாரு பாத்தது?"

இப்படிச் சொல்லிவிட்டு ஒரு பேனாவை என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டான். அவன் அம்மா பேசுவது போலவே இருந்தது. அதனால் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணி பிறந்தது நந்தனத்தில். அவருடைய அப்பா ஒரு கல்லூரியில் ஆய்வக உதவியாளராக இருந்தார். அம்மா வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுப்பவர். மூன்று பெண்களில் அண்ணி நடுப்பெண். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, மழலையர் ஆசிரியர் பயிற்சி முடித்து, மயிலாப்பூரில் ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த வருடமே என் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அண்ணன் அப்போது கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் ஓட்டிக்கொண்டிருந்தார்.

கல்யாணம் முடிந்து அண்ணி வீட்டுக்குள் வந்த அன்று நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். காபி குடித்து முடித்ததும் அண்ணி எல்லோருக்கும் கேட்கும்படி, "இந்த வீட்ல ஒரு பொண்ணு இருக்குன்னு சொல்லித்தானே கட்டிக் குடுத்தாங்க? கண்ணுலயே காட்ட மாட்டீங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் வெளியே வரவில்லை. அண்ணியே எழுந்து வந்து கதவுக்குப் பின்னால் என் பக்கத்தில் நின்றுகொண்டார். "இங்க நல்லா காத்து வருது ரீட்டா. அதான் நின்னுட்டியா?" என்றார். அங்கே காற்றே வராது. அன்றிலிருந்து எனக்கு அண்ணியைப் பிடித்துப்போனது.

சுகமாகவே வாழ்ந்துவிடவில்லை அவர். ஜெரோம் கைக்குழந்தையாக இருந்தபோது கிண்டி தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அண்ணனுக்கு வேறு வேலை கிடைக்கும் வரை அண்ணியின் சம்பளத்தில்தான் வீடு நடந்தது. காலையில் பள்ளி, மாலையில் வீட்டில் டியூஷன். அதே சமயத்தில் எங்கள் அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டார். அம்மாவைக் கழுவி, துடைத்து, தலைவாரி விடுவதை அண்ணி என்னிடம்கூட முழுதாக விட்டதில்லை. "நீ வாரினா அவங்களுக்குத் தலை வலிக்குதாம்டி" என்று சொல்லிச் சீப்பை வாங்கிக்கொள்வார். அம்மா அப்படிச் சொன்னதே இல்லை என்று எனக்குத் தெரியும்.

எனக்குத் திருமணம் அமையவில்லை. வீட்டுக்கு வந்த உறவினர் சிலர், இனி ரீட்டாவை என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டார்கள். ஏதாவது விடுதியில் சேர்க்கலாமே என்று ஒருவர் சொன்னார். அண்ணி சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தார். கரண்டியைக் கீழே வைக்காமலே, "ரீட்டா எங்க வீட்டு ஆளு. எங்கயும் அனுப்பறதா இல்ல. உங்களுக்கு ரசமா, மோரா?" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. இன்று வரை யாரும் கேட்கவில்லை.

பள்ளியில் பழைய ஆயாம்மா வேலையை விட்டபோது என்னை அந்த வேலையில் சேர்த்துவிட்டவரும் அண்ணிதான். நான் பயந்தேன். "குழந்தைங்க கிட்ட நீ ஒண்ணும் பேச வேணாம். அதுங்களே பேசும். நீ மூக்கத் தொடச்சி விட்டா போதும்" என்றார். அப்படித்தான் அண்ணியின் எல்.கே.ஜி. வகுப்பில் கதவோரம் ஒரு ஸ்டூலில் நான் உட்கார ஆரம்பித்தேன். வீட்டில் நாத்தனார், பள்ளியில் ஆயாம்மா. அதனால்தான் மற்றவர்கள் எழுத முடியாத ஒன்றை என்னால் எழுத முடியும் என்று ஜெரோம் நினைக்கிறான்.

அண்ணி குழந்தைகளுக்குச் சொற்களை இனம் பிரிக்கச் சொல்லிக்கொடுத்த விதத்தைச் சொல்ல வேண்டும். எது பழம், எது காய், எது விலங்கு, எது வண்டி என்று நான்கு வயதில் குழந்தை பிரித்துச் சொல்லத் தெரிந்துகொள்ள வேண்டும். புத்தகத்தில் படம் போட்டுக் கோடு இழுக்கச் சொல்லியிருப்பார்கள். அண்ணி புத்தகத்தைக் கடைசியில்தான் திறப்பார். தி.நகரில் நடைபாதைக் கடையில் வாங்கிய நான்கு பிளாஸ்டிக் கூடைகள் அவரிடம் இருந்தன. சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை. அவற்றைத் தரையில் வைத்து, சுற்றிக் குழந்தைகளை உட்கார வைப்பார்.

முதலில் உண்மையான பொருள்கள். தக்காளி, வாழைப்பழம், பொம்மை நாய், பொம்மை பஸ். பிறகு சில வாரங்கள் படங்கள். கடைசியில் ஒன்றுமே இருக்காது, வெறும் சொல்தான். குழந்தை தன் கையைக் குவித்து வாயருகே வைத்து "கத்தரிக்காய்" என்று கைக்குள் சொல்ல வேண்டும். சொன்ன சொல் சிந்திவிடாமல் கையை மூடிக்கொண்டு நடந்து வந்து, சரியான கூடையில் திறந்துவிட வேண்டும். குழந்தைகள் அதை அவ்வளவு கவனமாகக் கொண்டுவருவார்கள். ஒருவன் வழியில் தும்மிவிட்டு, "மிஸ், கீழ வுழுந்துடுச்சி மிஸ்" என்று அழுதிருக்கிறான். நானும் அவனும் சேர்ந்து தரையில் தேடி எடுத்துக் கொடுத்தோம்.

எந்தக் குழந்தை எந்தக் கூடையில் போட்டாலும் அண்ணி தப்பு என்று சொல்ல மாட்டார். ஏன் என்று கேட்பார். கேட்ட பிறகுதான் மற்றப் பேச்சு. குப்பத்திலிருந்து வந்த ஒரு பையன் மீனை வைத்துக்கொண்டு நான்கு கூடைகளையும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொண்டுபோனான்.

"ஏண்டா, மீனுக்கு எந்தக் கூடையும் புடிக்கலயா?"

"இத்தெல்லாம் வோணா மிஸ். எங்கம்மா கூடை கீது. அதுல தான் மீனு. தலைல வெச்சிகினு போவும்."

"அதுவும் சரிதான். அம்மா வர்ற வரைக்கும் மீன் இங்க பச்சைக் கூடைல நாயோட, பூனையோட இருக்கட்டுமா?"

"பூனையோடவா? துன்னுடும் மிஸ்!"

அண்ணி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இன்னொரு வழக்கமும் அவருக்கு உண்டு. வேண்டுமென்றே தானே தப்பாகப் போடுவார். தக்காளியை எடுத்து, பஸ், ஆட்டோ எல்லாம் இருக்கிற கூடையில் வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போல நிற்பார். வகுப்பே எழுந்து கத்தும். "ஏன், தக்காளி மேல ஏறி அடையாறு போக முடியாதா?" என்பார். "முடியாது மிஸ்!" "நசுங்கிடும் மிஸ்!" "மிஸ்ஸுக்கு இன்னாவோ ஆய்டுச்சி!" வாய் திறக்காத குழந்தைகூட அந்த நேரத்தில் வாய் திறந்துவிடும். குழந்தைகளைப் பேசவைக்க அவர் கையாண்ட வழி அதுதான்.

இவ்வளவு பிரிக்கச் சொல்லிக்கொடுத்தவரின் வீடு எப்படி இருந்தது என்று வீட்டுக்கு வந்தவர்களுக்குத் தெரியும். எங்கள் சமையலறையில் எந்த டப்பாவிலும் எதுவும் இருக்கும். காபித்தூள் டப்பாவில் பொத்தான்கள் இருக்கும். கத்திரிக்கோல் அரிசிப் பானைக்குள் இருக்கும். அண்ணன் தன் மூக்குக்கண்ணாடியைத் தேடி ஃபிரிட்ஜைத் திறந்து அங்கிருந்தே எடுத்திருக்கிறார். "ஊருக்கெல்லாம் கூடை. என் கண்ணாடிக்கு ஒரு கூடை கெடையாதா?" என்று அண்ணன் கேட்டால், "ஸ்கூல்ல நாள் பூரா அடுக்கிட்டு வரேன். வீட்லயாவது என்ன கொஞ்சம் கலஞ்சி இருக்க விடுங்க" என்பார்.

அண்ணி வேலை பார்த்த கடைசி வருடத்தில்தான் நஸ்ரின் வந்தாள்.

நஸ்ரினின் வீடு பள்ளிக்குப் பின்னால் ஒரு சந்தில், ஒரே அறை. வீட்டில் உருது பேசுவார்கள். பாட்டி அங்கே நானி, சித்தி காலா. தெருவில் தமிழ். அம்மா ஜமீலா துணிக்கு ஜரிகை வேலை செய்து கொடுப்பவர். அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். ஜூன் மாதம் வந்த குழந்தை தசரா விடுமுறை முடிந்த பிறகும் வகுப்பில் ஒரு சொல் பேசவில்லை. அழவும் இல்லை. தண்ணீர் வேண்டும் என்றால் என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுப்பாள்.

"வீட்ல வாய் ஓயாது மிஸ்" என்றார் ஜமீலா. "அவ நானிகூட சண்ட போட்டா தெருவே கேக்கும். இங்க வந்தாத்தான் இப்டி."

"அப்ப பேச்சு இருக்கு. அதப் பத்திக் கவலப்படாதீங்க" என்றார் அண்ணி. வீட்டில் அண்ணனிடம், "வீட்ல ஒண்ணு, ஸ்கூல்ல ஒண்ணு. ரெண்டும் என் தலைல வந்து விடிஞ்சிருக்கு, வாயத் தொறக்கவே மாட்டேங்குதுங்க" என்று என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

ஆனால் தலைமை ஆசிரியைக்குக் கவலை வந்துவிட்டது. அவரைக் குறை சொல்லவில்லை. பள்ளி பெரியது, மேலே பதில் சொல்ல வேண்டியவர் அவர். ஒருநாள் வகுப்பு வாசலில் வைத்து அண்ணியிடம் சொன்னார்: "பொங்கல் லீவு முடிஞ்சி நான் வந்து கிளாஸ்ல உக்காருறேன். அப்பவும் வாயத் தொறக்கலன்னா, வேற ஸ்கூல் பாக்கச் சொல்லிடலாம். அந்தக் குழந்தைக்கே அது தான் நல்லது. யு.கே.ஜி.க்கு எப்படி அனுப்புவீங்க?"

"நான் பாத்துக்கறேன் மேடம்."

"நீங்களே இந்த வருஷத்தோட ரிட்டையர் ஆகறீங்க மிஸ். அடுத்த வருஷம் யார் பாத்துக்குவாங்க?"

அண்ணி வகுப்புக்குள் திரும்பிப் போய்க் கூடைகளை அடுக்க ஆரம்பித்தார். அன்று மதியம் ஜமீலா வந்து குழந்தையை வாங்கிக்கொண்டபோது, வேறு பள்ளி என்ற பேச்சையே எடுக்காமல், "உங்க பொண்ணு எங்கயும் போக மாட்டா" என்று மட்டும் சொல்லி அனுப்பினார். சொல்லியிருக்க வேண்டாமோ என்று வீட்டுக்கு நடக்கும் வழி முழுக்கப் புலம்பிக்கொண்டே வந்தார்.

நஸ்ரின் பேசவில்லையே தவிர, கூடை விளையாட்டுக்கு முதல் ஆளாக வந்து உட்காருவாள். ஆனால் அவள் பிரிப்பது யாருக்கும் புரியவில்லை. நான்கு கூடைகளில் மஞ்சளையும் பச்சையையும் தள்ளி வைத்துவிடுவாள். சிவப்பு, நீலம் மட்டும் போதும். நீலக் கூடையில் செருப்பு, குடை, பொம்மை நாய், சைக்கிள், பால் பாக்கெட்டின் படம். மற்றதெல்லாம் சிவப்பில். தக்காளியும் தலையணையும் கரண்டியும் பூனையும் ஒன்றாகக் கிடக்கும். ஏன் என்று அண்ணி கேட்பார். அவள் அண்ணியின் முகத்தைப் பார்ப்பாள், அவ்வளவுதான்.

சொற்களை வெறுங்கையில் கொண்டுவரும் விளையாட்டிலும் அவள் வருவாள். கையைக் குவித்து வாயருகே வைப்பாள். உதடு அசையும். சத்தம் வராது. கவனமாக நடந்து வந்து நீலக் கூடையில் திறந்துவிடுவாள். என்ன போட்டாள் என்று யாருக்கும் தெரியாது. அண்ணி குனிந்து கூடைக்குள் பார்த்து, "பத்திரமா இருக்கு நஸ்ரின்" என்பார்.

அவளுக்கு ஒரு கணக்கு இருக்கிறது என்பதில் அண்ணிக்குச் சந்தேகமே இல்லை. ஏனென்றால் ஒருநாள் போட்டதை மறுநாள் மாற்றிப் போடுவதில்லை. அது என்ன என்பதுதான் எங்கள் வீட்டில் மாலை வேளைகளின் பேச்சு. அண்ணி வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்பார்.

"செருப்பு, குடை, நாய், சைக்கிள், பால் பாக்கெட். என்னங்க இது?"

"மழைல நனையறதா இருக்கும்" என்பார் அண்ணன்.

"பூனை நனையாதா?"

"பூனைய எவன் மழைல விடுவான்?"

"நீ சொல்லு ரீட்டா. நீயும் அவளும் ஒரே கட்சி."

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அண்ணிக்கு ஒரு சங்கடம் என்னவென்றால், அந்தக் குழந்தையிடம் அவருடைய வழக்கமான வழி பலிக்கவில்லை. வேண்டுமென்றே தப்பாகப் போட வேண்டுமானால், முதலில் எது சரி என்று தெரிய வேண்டுமே. தக்காளியைத் தூக்கிப் பூனையோடு போட்டால் மற்றக் குழந்தைகள் கத்துவார்கள். நஸ்ரின் சும்மா பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு அதில் தப்பு எதுவும் தெரியவில்லை.

பொங்கல் விடுமுறை முடிந்தது. தலைமை ஆசிரியை சொன்னபடியே வந்தார். குழந்தைகள் உட்காரும் சின்ன நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தார். அண்ணி நஸ்ரினை எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. வழக்கம்போல் கூடைகளை வைத்தார். நஸ்ரின் வழக்கம்போல் இரண்டைத் தள்ளி வைத்தாள். தன் பொருள்களைப் போட்டாள். தலைமை ஆசிரியை கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அன்று அண்ணி புதிதாக ஒரு கட்டுப் படங்களை எடுத்தார். குடும்பப் படங்கள். அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி, தம்பிப் பாப்பா. நஸ்ரின் அம்மா படத்தைச் சிவப்பில் போட்டாள். நேரம் ஆகிறதே என்ற பதற்றத்தில் அண்ணி கையில் இருந்த மற்ற நான்கு படங்களையும் சேர்த்து அதே சிவப்புக் கூடையில் தானே போட்டுவிட்டார். குடும்பம்தானே, எல்லாம் ஒன்றுதானே என்று யாரும் போடுகிறபடிதான் போட்டார்.

நஸ்ரின் எழுந்தாள். சிவப்புக் கூடைக்குள் கையை விட்டு, மீசை வைத்த அப்பா படத்தை மட்டும் தேடி எடுத்தாள்.

"நை மிஸ். அப்பா வெளிய."

செருப்பு, குடை, நாய் இருந்த நீலக் கூடையில் அதை வைத்தாள்.

அண்ணி மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"அப்பா வெளியவா?"

"அப்பா வண்டில தூங்கும். உள்ள நானி, அம்மா, காலா, பாப்பா. எடம் இல்ல. அப்பா வெளிய."

"அப்ப செருப்பு?"

"வெளிய."

"நாய்?"

"வெளிய. பூனை உள்ள வரும். நாய் வரக்கூடாது. நானி அடிப்பா." மிஸ்ஸுக்கு இது கூடவா தெரியாது என்று கேட்பது போல இருந்தது முகம்.

அதற்குள் குப்பத்துப் பையன் எழுந்துவிட்டான். "எங்கப்பாவும் வெளிய தான் மிஸ்! கடல்ல!" இன்னொருத்தி, "எங்கப்பா உள்ள தான் மிஸ், எப்பப் பாத்தாலும் தூங்கிக்கினே இருக்கும்!" என்றாள். தலைமை ஆசிரியை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எழுந்து போகும்போது, "இருக்கட்டும் மிஸ். யு.கே.ஜி. போகட்டும். ஆனா காய், பழம் எல்லாம் சொல்லிக் குடுத்துடுங்க. அங்க போனா அதத்தான் கேப்பாங்க" என்றார். அண்ணியும் அதை ஒப்புக்கொண்டார். "கண்டிப்பா மேடம். அதுவும் வேணும்" என்றார். மறுநாளே மஞ்சள் கூடையையும் பச்சைக் கூடையையும் திரும்பக் கொண்டுவந்து காயையும் பழத்தையும் ஆரம்பித்தார். அந்த வருடக் கடைசிக்குள் நஸ்ரின் மற்றக் குழந்தைகளைப் போல எல்லாம் பிரிக்க ஆரம்பித்துவிட்டாள். கூடவே வாயும் ஓயாது. "மிஸ், ஆயாம்மா ஏன் மிஸ் பேசவே மாட்டேங்கறாங்க?" என்று என்னைப் பற்றியே புகார் சொல்வாள்.

நஸ்ரின் வாய் திறந்த அன்று சாயங்காலம் வீட்டுக்கு நடந்து வரும்போது அண்ணி நடுத்தெருவில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "ரீட்டா, குழந்தைங்க எல்லாம் நான் வேணும்னே தப்பா போட்டேன்னு நெனச்சிக்கிட்டிருக்கு. மேடமும் அப்டித்தான் நெனச்சிருப்பாங்க. சத்தியமா தெரியாமத்தான்டி போட்டேன்" என்றார். சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது.

ஏப்ரல் மாதம் அண்ணி ஓய்வு பெற்றார். கூடைகளைப் பள்ளியிலேயே விட்டுவிட்டு வந்தார். இனி வீட்டை அடுக்கப்போகிறேன் என்று சொன்னார். ஆரம்பித்தார் என்று சொல்ல முடியாது. சில மாதங்களில் வயிற்று வலி வந்தது. சோதனைகள் செய்து பார்த்தபோது நோய் முற்றிவிட்டது என்றார்கள். அடையாறில் மருத்துவமனையில் சேர்த்தோம்.

அங்கும் அவர் தொழிலை விடவில்லை. பார்க்க வந்தவர்கள் போனதும் என்னிடம் சொல்வார்: "இப்ப வந்தாங்களே, அவங்க அழற கூடை. அதுக்கு முன்னாடி வந்தவங்க, சாப்ட்டியா தூங்குனியான்னு கேக்கற கூடை. உங்க அண்ணன் எந்தக் கூடைலயும் அடங்கல, உக்காந்த எடத்துலயே தூங்கறாரு." நான் எந்தக் கூடை என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

கடைசி வாரத்தில் அவருக்கு ஒரே ஒரு ஆசைதான். வீட்டுக்குப் போக வேண்டும். "ஒரு தடவ உள்ள போய் உக்காந்துட்டு வந்துடறேன். கத்திரிக்கோல் எங்க வெச்சேன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். நான் போகலன்னா நீங்க யாரும் கண்டுபுடிக்க மாட்டீங்க" என்று மருத்துவரிடமே சொன்னார். மருத்துவர், கொஞ்சம் தேறட்டும், வெள்ளிக்கிழமை அனுப்புகிறேன் என்றார். புதன்கிழமை அதிகாலை அண்ணி இறைவனில் இளைப்பாறச் சென்றார்.

வெளியூர் உறவினர்கள் வந்து சேரட்டும் என்று ஒரு நாள் அங்கேயே வைத்திருந்து, வியாழக்கிழமை காலை மருத்துவமனையிலிருந்து வண்டி வந்தது. நாங்கள் இருப்பது மந்தைவெளியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் இரண்டாம் மாடி. லிஃப்ட் இல்லை. படி குறுகல். கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் ஷாமியானா போட்டு, ஐஸ் பெட்டியில் அண்ணியை வைத்தார்கள். எல்லோரும் வந்து பார்க்க அதுதான் வசதி என்று பெரியவர்கள் சொன்னார்கள். அதில் தப்பில்லை. இந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் செய்கிறோம்.

பத்து மணி இருக்கும்போது நஸ்ரின் தன் அம்மா அப்பாவோடு வந்தாள். யு.கே.ஜி. போய்க்கொண்டிருந்தாள் அப்போது. பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். சுற்றிலும் பார்த்தாள். படிக்கட்டுக்குக் கீழே குவிந்திருந்த செருப்புகள், ஓரத்தில் நின்ற வண்டிகள், கேட்டருகே படுத்திருந்த தெரு நாய், எல்லாவற்றையும் பார்த்தாள். பிறகு என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள்.

"ஆயாம்மா, மிஸ் ஏன் வெளிய இருக்காங்க?"

ஜமீலா அவள் வாயைப் பொத்தப் போனார். நஸ்ரின் கையைத் தள்ளிவிட்டாள்.

"மிஸ் உள்ள தானே ஆயாம்மா?"

நான் எழுந்தேன். ஆண்கள் நின்ற இடத்துக்குப் போனேன். அண்ணன், ஜெரோம், பங்குப் பேரவைக்காரர்கள், மாடி வீட்டுக்காரர்கள் எல்லோரும் நின்றிருந்தார்கள். அவ்வளவு பேர் முன்னால் நான் என் வாழ்நாளில் பேசியதில்லை.

"அண்ணிய மேல கொண்டு போகணும்" என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சத்தமாகச் சொன்னேன். "அண்ணிய வீட்டுக்குள்ள கொண்டு போகணும். உள்ள போகணும்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. உள்ள வெச்சித்தான் ஜெபமாலை சொல்லணும்."

"பெட்டி படி ஏறாதும்மா" என்றார் ஒருவர்.

"பெட்டி வேணாம். அண்ணி மட்டும்."

"திரும்பற எடத்துல ஆள் நிக்கவே எடம் இல்லம்மா. கோயிலுக்கு வேற நேரம் ஆகுது..."

அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெரோமுக்கு அழுகை வந்துவிட்டது. "அத்தை வாயத் தொறந்து இது வரைக்கும் எதையும் கேட்டதில்ல" என்றான். "தூக்கலாம் வாங்க."

அப்போது நஸ்ரினின் அப்பா முன்னால் வந்தார். "பீரோ, கட்டில்லாம் மூணாவது மாடி ஏத்திக்கீறேன் சார். மிஸ்ஸ ஏத்த மாட்டனா? பெட்ஷீட் கெட்டியா ஒண்ணு குடுங்க. தல மாட்டுல நான் புடிச்சிக்கிறேன். திரும்பற எடத்துல மட்டும் நான் சொல்ற மாதிரி தூக்குங்க, போதும்." முதல் மாடிக்காரர்கள் படித் திருப்பத்தில் இருந்த தங்கள் செருப்பு ஸ்டாண்டைத் தூக்கிக் கொண்டுபோய்த் தங்கள் வரவேற்பறையில் வைத்துக்கொண்டார்கள். "மெதுவா... கால் மாட்டுல ஒசத்து... அவ்ளோதான் நைனா, அவ்ளோதான்" என்று நஸ்ரினின் அப்பா சொல்லிக்கொண்டே வர, அண்ணி தன் வீட்டுக்குள் வந்தார். அவர் உட்காரும் ஜன்னல் ஓரத்தில் பாய் விரித்துப் படுக்க வைத்தோம். ஒரு ஜெபமாலை சொல்லி முடிக்கும் வரை உள்ளே இருந்தார். நஸ்ரின் என் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். வேறு எதுவும் கேட்கவில்லை.

பிறகு கீழே கொண்டுவந்து, கோயிலில் திருப்பலி முடித்து, மாலையில் அடக்கம் செய்தோம்.

அண்ணியின் நோயில் உதவிய மருத்துவர்கள், இரவு பகல் பார்த்துக்கொண்ட செவிலியர்கள், திருப்பலி நிறைவேற்றிய பங்குத் தந்தை, அவரோடு வேலை பார்த்த ஆசிரியைகள், தலைமை ஆசிரியை, முதல் மாடிக் குடும்பத்தார், மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் எங்களைச் சுமந்த தெருமுனை ஆட்டோக்காரர்கள், ஜமீலா, நஸ்ரினின் அப்பா ஆகிய எல்லோருக்கும் அண்ணன் சார்பாகவும் ஜெரோம் சார்பாகவும் என் சார்பாகவும் நன்றி. யாருடைய பெயராவது விட்டுப்போயிருந்தால் அது என் பிழை. அண்ணி விட்டிருக்க மாட்டார். கத்திரிக்கோல் இன்னும் கிடைக்கவில்லை.

அடக்கத்துக்கு அடுத்த நாள் காலை முதல் மாடிக்காரர்கள் செருப்பு ஸ்டாண்டைப் பழைய இடத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். வெள்ளிக்கிழமை, பள்ளி இருந்தது. நான் எட்டு மணிக்குப் போய் வகுப்பைத் திறந்தேன்.